ஈயாமையின் பெயர்கள்

மக்கள் தம்முள் வழங்குஞ் சொற்களே அவர்தம் மனநிலையை அளந்துகாட்டுங் கோலாகும். யாதொரு குற்றம் ஒரு நாட்டில் பெரிதும் வெறுக்கப்படுகின்றதோ அக்குற்றத்திற்கு அந்நாட்டு மொழியிற் பெயர்கள் பலவாக இருத்தல் இயல்பு. தமிழ்மொழியின்கண் பொருளுடையனாயிருந்தும் பிறர்க்குக் கொடாதவனைக் குறித்தற்கு அமைந்த சொற்களை எண்ணிப் பார்ப்பின் இஃது இனிது விளங்கும். உலோபி, ஈயான், இவறலன், கிருபணன், கருமி, கஞ்சன், பிசினாறி என நூல்வழக்கினும் உலகவழக்கினும் வழங்குவன பலவாம். இவை யாவும் ஒருபொருட் கிளவிகளே போலத் தோன்றினும் ஒவ்வொன்றும் அக்குற்றத்தின் ஒவ்வோர் உறுப்பைத் தொட்டுக் காட்டுவன. அவற்றை ஆராய்தல் பிறரை இகழ்தற்கன்று. தத்தம் நெஞ்சினுள் அக்குற்றம் எவ்வுருவில் ஒளிந்திருக்கின்றதென்று கண்டு களைதற்கேயாம்.

இவ்வாராய்ச்சிக்குப் பள்ளிப்பட்டு மிகவும் ஏற்ற ஊர். திருத்தணிகை மலைக்கு வடமேற்கே ஆந்திர நாட்டெல்லையை யொட்டி அமைந்துள்ள அவ்வூரில் தமிழுந் தெலுங்கும் ஒருதெருவிலேயே கலந்து வழங்குகின்றன. 1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற சித்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்த திருத்தணி வட்டம், எல்லைப் போராட்டத்தின் பின்னர், 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப்பெற்றது. எல்லைக்கோடு மாறினும் மக்கள் நாவின்கண் இருமொழியும் மாறவில்லை. சந்தையிற் காய்கறி விலைபேசுவோர் ஒருமொழியில் தொடங்கி மற்றொரு மொழியில் முடிப்பர். ஆகலின் ஈயாதவனை இகழுமிடத்தும் அங்கே இருமொழிச் சொற்களும் ஒருங்கே எழுகின்றன. தெலுங்கர் 'பிசினாரி' யென்பர். தமிழர் 'பிசினாறி' யென்பர். ரகர றகர வேறுபாடொன்றே யன்றி இகழ்ச்சியில் வேறுபாடு சிறிதுமில்லை. தமிழர் காதிற்கு அச்சொல்லின் முற்பகுதி மரத்தில் வடியும் பிசினை நினைவூட்டுகின்றது. தொட்ட கையை விடாது பற்றிக்கொள்வது பிசினின் இயல்பு. பொருளை அவன் பற்றினனா, பொருள் அவனைப் பற்றிற்றா என்று பிரித்தறிய வொண்ணாத நிலையை அச்சொல் நன்கு காட்டுகின்றது.

இனி நூல்வழக்கை நோக்குவாம். உலோபம் என்பது வடசொல். அது பிறந்த வேர்ச்சொல்லுக்கு விரும்புதல் என்பதே பொருள். வடமொழியிற் பிறர்பொருளை விழையும் பேராசையையே அது பெரும்பாலும் உணர்த்தும். தமிழிலோ தன்பொருளைக் கொடாமையையே சிறப்பாக உணர்த்துகின்றது. இப்பொருள் வேறுபாடு பிழையன்று. பிறர்பொருளை விழைதலும் தன்பொருளைக் கொடாமையும் ஒரேவேரில் எழுந்த இருகிளைகள். வரவேண்டுமென்னும் ஆசையே போகவொண்ணாதென்னும் பிடிவாதமாக மாறுகின்றது. திருக்குறளில் வழங்கும் இவறல், இவறன்மை யென்னுஞ் சொற்களும் அவ்வாறே விருப்பத்தையும் கொடாமையையும் ஒருங்கே தழுவி நிற்பன. குற்றங்கடிதல் என்னும் 44-ஆம் அதிகாரத்தில் திருவள்ளுவனார் இவறன்மையை ஏனைக் குற்றங்களோடு ஒருவரிசையில் வைத்தெண்ணாது தனிப்பெருங் குற்றமாக நிறுத்தினார். ஈகையை 23-ஆம் அதிகாரத்தினும் அதன் மறுதலையாகிய நன்றியில் செல்வத்தை 101-ஆம் அதிகாரத்தினும் விரித்தோதினார். ஒரு குற்றத்தை இத்துணை இடங்களில் கடிந்தமை அதன் வேர் ஆழ்ந்ததென்பது பற்றியேயாம்.

கிருபணன் என்னுஞ் சொல் பின்னும் நுண்ணிய பொருளது. அதற்கு முதற்பொருள் இரங்கத்தக்கவன் என்பது. பின்னரே உலோபி யென்னும் பொருள் நிலைபெற்றது. பிருகதாரணியக உபநிடதத்தில் யாஞ்ஞவற்கியர் கார்க்கிக்கு விடைகூறுமிடத்து, அழிவில்லாத பொருளை அறியாதே இவ்வுலகைவிட்டு நீங்குகின்றவனைக் கிருபணன் என்றனர். மெய்ப்பொருளை அறிதற்கென்று கொடுக்கப்பட்ட பிறவியைச் செலவிடாது வைத்திருந்து வீணே கழித்தவன் அவன் என்க. மேனாட்டார் மொழியினும் இவ்வொற்றுமை காணப்படுகின்றது. ஆங்கிலர் உலோபியைக் குறித்தற்கு வழங்குஞ் சொல் இலத்தீனத்தில் துயருற்றவன் என்னும் பொருளது. கடலால் பிரிக்கப்பட்ட இருநாட்டாரும் ஈயாதவனை நோக்கி முதலில் இரங்கினர், பின்னரே இகழ்ந்தனர். இரக்கப்படத்தக்கவன் இரவலனல்லன், ஈயாதவனே யென்பது அவ்விருசாரார்க்கும் ஒத்த முடிபு.

கஞ்சன் என்பது இக்காலத்துப் பெருவழக்கு. பழைய நூல்களில் அச்சொல் கண்ணனுக்கு மாமனாகிய கொடுங்கோலனையும், தாமரையிற் பிறந்தோனாகிய பிரமனையும் குறித்தது. உலோபியென்னும் பொருளில் வழங்கும்போது அஃது இந்துத்தானியில் வழங்கும் 'கஞ்சூசு' என்னுஞ் சொல்லோடு ஒப்புமை யுடையது. கருமி யென்பதோ கருமம் என்பதனை அடியாகக்கொண்டு வினைவயப்பட்டவன் என்று பொருள்கொள்ளற்கு இடந்தருவது. சித்தாந்த நெறியினர்க்கு அப்பொருள் மிகவும் இயைபுடைத்து. முன்வினைப் பயனாகவே செல்வம் வந்தது. வந்த அதனைப் பற்றிக்கொண்டு மேலும் வினை யீட்டுகின்றவன் கருமி. விலங்கு பொன்னாலாயினும் விலங்கேயன்றோ?

ஈயாமை யென்னுந் தூய தமிழ்ச்சொல்லை ஆராயுமிடத்துத் தொல்காப்பியனார் வகுத்த இலக்கணமொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. ஒன்றை வேண்டி நிற்பார் கூறுஞ் சொற்கள் ஈ, தா, கொடு என மூன்று. அவற்றுள் ஈ யென்பது இழிந்தோன் கூற்று. தா வென்பது ஒப்போன் கூற்று. கொடு வென்பது உயர்ந்தோன் கூற்று. ஆகவே ஈதல் என்பது தன்னிற் றாழ்ந்து நின்று வேண்டுவார்க்குக் கொடுத்தலேயாம். ஈயாமை யென்னுஞ் சொல்லினுள் கொடாதவன் ஒருவனேயன்றி, அவன்முன் கைகட்டி நிற்பவன் ஒருவனும் உளன். அவனைக் காணாது இக்குற்றத்தை ஆராய்வார் பாதியையே ஆராய்ந்தவராவர்.

இங்ஙனம் கூறுங்கால் ஒரு தடை எழும். 'செட்டாக வாழ்தலும் உலோபமோ? வரவறிந்து செலவிடுதலை நூல்கள் புகழ்கின்றனவே' என்பர். அற்றன்று. செட்டு வேறு, உலோபம் வேறு. செட்டுடையான் தன் வாயைக் கட்டிப் பிறர் வயிற்றை நிரப்புதற்குப் பொருள் சேர்ப்பான். உலோபி தன் வாயையுங் கட்டிப் பிறர் வாயையுங் கட்டுவான். செட்டுடையானுக்குப் பொருள் கருவி. உலோபிக்குப் பொருளே தெய்வம். ஆயினும் புறத்தே நின்று காண்பார்க்கு இருவரும் ஒருவரே போலத் தோன்றுவர். கிழிந்த துணியைத் தைத்துடுப்பவனும் எஞ்சிய சோற்றை மறுநாள் உண்பவனும் எவ்வகையினர் என்பதை அண்டை வீட்டார் அறியார். இரப்பவன் ஒருவன் வாயிலில் வந்து நின்றபோதே அது வெளிப்படும். அதனினும் வியப்பு யாதெனின், உலோபியும் தன்னைச் செட்டுடையான் என்றே உண்மையாக நம்புதல். பிறர் அவனுக்கு இட்ட பெயர் ஏழாயினும் அவன் தனக்கிட்டுக்கொண்ட பெயர் அவ்வொன்றே.

பள்ளிப்பட்டைச் சூழ்ந்த ஊர்களில் நெசவே பலர்க்குப் பிழைப்பு. அப்பகுதியில் தறிகள் சிலவற்றிற்கு உடையராகிய ஒருவர் இருந்தனர். சைவர், நாடோறும் நீறணிந்து திருமுறை யோதியபின்னரே நீர் பருகுபவர், ஆண்டுதோறும் ஆடிக்கிருத்திகையன்று திருத்தணிகைக்குப் பூக்காவடி எடுப்பவர். இளமையிற் கூலிநெசவு செய்து, ஒருவேளை யுண்டு, ஒவ்வொரு தறியாகச் சேர்த்தவராதலின் பணத்தின் அருமையை நன்கறிந்தவர். தெருவார் அவரைத் தமிழினுந் தெலுங்கினும் மேற்கூறிய சொல்லாலேயே பின்நின்று குறித்தனர். அவர் அதனை அறிந்திருந்தும் வருந்தினாரல்லர். உழையாதார் உழைத்தாரை வையும் வசை யென்று எண்ணி அமைந்தனர்.

சில ஆண்டுகட்கு முன் ஆடிக்கிருத்திகைக்கு முந்திய நாள் மாலை, அவர்பாற் பல்லாண்டாக நெசவு செய்துவந்த ஒருவன் அவர் இல்லத்து வாயிலில் வந்து நின்றான். அவன் மகவு காய்ச்சலால் வருந்திற்று. மருத்துவசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. "ஐயா, ஈராயிரம் ரூபாய் இருந்தாற் போதும். கூலியிற் கழித்துக்கொள்ளுங்கள்" என்று தலைகுனிந்து கேட்டான். அவ்வேளையில் அவர் மறுநாட் காணிக்கைக்குரிய பணத்தை எண்ணி மஞ்சட்டுணியில் முடிந்து மடியில் வைத்திருந்தார். அஃதன்றிப் பெட்டியினும் பணமிருந்தது. ஆயினும், "இப்பொழுது கையில் ஒன்றும் இல்லையப்பா, கிருத்திகை கழியட்டும்" என்று அவர் வாய் கூறிற்று. அச்சொல்லைக் கூறவேண்டுமென்று அவர் எண்ணியதுமில்லை. பல்லாண்டுப் பழக்கத்தால் கேட்டவுடனே அது தானே வந்தது. அவன் மறுமொழி கூறாது, "ஆகட்டும் ஐயா" என்று கூறிச் சென்றான். அவனோடொத்த மற்றொரு நெசவுத் தொழிலாளி தன் மனைவியின் காதுத் தோட்டை அடகுவைத்து அன்றிரவே உதவினான். மகவு பிழைத்தது.

மறுநாள் அவர் காவடியுடன் மலையேறினார். திருத்தணிகைப் படிகள் ஓராண்டின் நாள்களைக் குறிப்பன வென்று அடியார் போற்றும் 365 ஆகும். அடியார் திரளிடையே ஏறிச் சென்று, சந்நிதியில் வணங்கி, குடும்பத்திற்கும் தொழிற்கும் வேண்டுவன யாவையும் முருகப்பெருமானிடம் வேண்டினார். பின்னர்க் காணிக்கை செலுத்துதற்கு மஞ்சண்முடிச்சை அவிழ்த்தபோது அவர் கை நின்றது. முதனாள் மாலையில் அவர் கூறிய 'இல்லை' யென்னுஞ் சொல் அவர் செவிக்கே கேட்டது. இல்லை யென்று கூறப்பட்ட அப்பணம் கையில் உள்ளதாகவே இருந்தது. நேர்ந்த காணிக்கையாதலின் அதனைச் செலுத்தினார். ஆயின் மலையினின்று இறங்கும்போது ஏறியபோதிருந்த மகிழ்ச்சி அவர்பால் இல்லை.

ஈண்டுத்தான் சொல்லாராய்ச்சி தன் உயிர்நிலையை அடைகின்றது. உலோபி, கருமி, கஞ்சன், பிசினாறி யென்பன வெல்லாம் பிறர் அவனைக் குறித்துக் கூறுஞ் சொற்கள். அவற்றால் அவனுக்கு வருங் கேடு சிறிது. அவன்றானே தன் வாயாற் கூறுஞ் சொல் ஒன்றுண்டு. அதுவே 'இல்லை' யென்பது. ஈயாமையின் பெயர்களுள் தலையாயது அதுவே. பழையோர் கரப்பு என்று வழங்கியதும் இதனையே. கரத்தலாவது உள்ளதனை ஒளித்தல். திருவையாற்றுத் திருநேரிசையில் அப்பரடிகள், ஈவார்க்கு இறைவன் அருள் வைத்தமையையும் கரப்பார்க்கு நரகம் வைத்தமையையும் ஒருங்கே எடுத்தோதினார். பொருளின்மையால் ஈயாதாரை அடிகள் கடிந்தாரல்லர். உள்ளதை ஒளித்தாரையே கடிந்தனர்.

சித்தாந்தம் சற்காரிய வாதத்தை மேற்கொண்டது. உள்ளதாகிய பொருள் ஒருகாலும் இல்லதாதலின்று. இல்லதாகிய பொருள் ஒருகாலும் உள்ளதாதலின்று. சற்காரியத்தைக் கழகங்களில் நாட்டி வாதிடுஞ் சைவர் ஒருவர், தம் வாயிலில் நிற்பவன்முன் உள்ளதனை இல்லதென்று கூறுவாராயின், தாம் நாட்டிய கொள்கையைத் தாமே அழித்தவராவர். அன்றியும், தனு கரண புவன போகங்கள் நான்கும் உயிர்கள் மலநீக்கம் பெறுதற்பொருட்டு இறைவனால் மாயையினின்றும் தோற்றுவித்துக் கொடுக்கப்பட்டன வென்பது சித்தாந்தத் துணிபு. உடம்பே கொடுக்கப்பட்டதென்றால் உடம்பைச் சார்ந்த பொருள் யாருடையது? கொடுக்கப்பட்டதனை 'எனது' என்று பற்றுதல் ஆணவத்தின் செயல். 'யான்' என்பது அகத்தே நின்று செருக்கும்; 'எனது' என்பது புறத்தே சென்று பற்றும். ஈயாமை அவ்விரண்டாவதன் நேர்ப்பயன்.

'இறைவனும் மறைத்தற் றொழில் செய்கின்றானன்றோ? கரத்தல் அவற்குங் குற்றமாகாதோ?' என்று வினவுவாருமுளர். ஐந்தொழிலுள் மறைத்தல் ஒன்றென்பது உண்மையே. ஆயினும் இறைவன் மறைத்தல் உயிர்கள் வினைப்பயனை நுகர்ந்து பக்குவமுறுதற்பொருட்டு. ஆதலின் அஃது அருளேயாம். தாய் பிணியுற்ற மகவுக்கு உணவை ஒளித்துவைத்தலும், தான் உண்ணும்பொருட்டு அண்டைவீட்டு மகவின் கண்ணுக்கு ஒளித்தலும் செயலால் ஒன்று, கருத்தால் வேறு. திரோதானம் முன்னதைப் போன்றது. உலோபியின் கரப்பு பின்னதைப் போன்றது.

இல்லை யென்னுஞ் சொல்லை அறியாத அடியார் பலரைப் பெரியபுராணம் காட்டுகின்றது. உலகத்தியற்கைக்கே பகைவராய் நின்று அடியார் வேண்டியதை மறாது கொடுத்தமையால் இயற்பகையார் அப்பெயர் பெற்றனர். பொருளைப் பற்றுதலே உயிரின் இயற்கை யென்பதை அப்பெயரே ஒப்புக்கொள்ளுகின்றது. அவ்வியற்கையை வெல்லலாம் என்பதை அவர் வாழ்க்கை மெய்ப்பிக்கின்றது. இளையான்குடிமாற நாயனார் பொருளெல்லாம் போய் வறுமையுற்ற காலத்தும், மழையிரவில் வந்த அடியார்க்கு இல்லை யென்னாது, பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொணர்ந்து அமுதளித்தனர். கொடுத்தற்கு வேண்டுவது பெருஞ்செல்வ மன்றென்பது இதனால் விளங்கும்.

பள்ளிப்பட்டிற்கு அணித்தாயுள்ள தலங்களே இதற்குப் போதிய சான்று தருவன. அரக்கோணத்திற்குந் திருவள்ளூருக்கும் இடையேயுள்ள திருவாலங்காட்டில் காரைக்காலம்மையார் கூத்தப்பெருமான் றிருவடிக்கீழ் என்றும் இருக்கின்றனர். அவர் வரலாற்றின் தொடக்கம் யாது? கணவன் அனுப்பிய மாங்கனி யிரண்டு. பசித்து வந்த சிவனடியார் ஒருவர். கறியமுது இன்னும் அமையாத வேளை. 'இன்னும் சமையல் ஆகவில்லை' யென்று கூறியிருந்தால் உலகம் அவரைக் குறைகூறியிராது. அவர் சோற்றையும் ஒரு கனியையும் படைத்தனர். அவ்வொரு கனியினின்றே பின்னர் நிகழ்ந்தன யாவும் எழுந்தன. கணவன் மீண்டுமொரு கனி கேட்டதும், இறைவனருளால் அது வந்ததும், அவன் அஞ்சிப் பிரிந்ததும், அம்மையார் தசைப்பொதி கழித்துக் கயிலையைத் தலையால் நடந்தேறியதும் அக்கொடையின் வழிவந்தனவே. வணிகர் குலத்திற் பிறந்து கணக்கறிந்த இல்லத்தில் வாழ்ந்தவர் அவர் என்பதும் நினைக்கத்தக்கது.

திருவாலங்காட்டைச் சார்ந்த பழையனூரில் வேளாளர் எழுபதின்மர், தம்மை அடைந்த வணிகனொருவனுக்குத் தாம் கூறிய உறுதிமொழி பொய்த்தமையறிந்து தீப்புகுந்தனர் என்பது தொன்றுதொட்டு வழங்கும் வரலாறு. சொன்ன சொல்லுக்கு உயிரையே ஈடாகக் கொடுத்தனர் அவர். எல்லைக்கப்பால் வடக்கே திருக்காளத்தியில் கண்ணப்பர் தம் கண்ணையே இடந்து அப்பினர். அவர் மலைவேடர், நூலறியாதவர், ஈகையின் இலக்கணத்தை யாரிடத்தும் கேட்டவரல்லர். கண்ணிற் குருதி கண்டவுடனே தன் கண் தன்னதன்று என்பது அவர்க்கு விளங்கிற்று. கனியும் உயிரும் கண்ணும் என இம்மூவகைக் கொடையும் நிகழ்ந்த நிலப்பகுதியில் வாழ்வார், ஈராயிரம் ரூபாய்க்கு இல்லை யென்னுதல் எத்துணைச் சிறுமை!

'அவரெல்லாம் நாயன்மார், எளியேம் யாங்ஙனம் அவ்வாறு செய்தல் கூடும்?' என்பார்க்கும் நூல்கள் விடை வைத்திருக்கின்றன. திருத்தணிகைக்குப் பல திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர், கந்தரலங்காரத்தில் வறியார்க்குப் பகிர்தற்குரிய அளவைக் கூறுமிடத்து நொய்யரிசியின் ஒருபிளவையே எல்லையாக வைத்தனர். அதனினுங் குறைந்த அளவை யாரால் எண்ணவியலும்? அதனையும் இல்லை யென்பார்க்கு வேறு தப்புவழி யில்லை. திருமூலர் திருமந்திரத்தில் யாவர்க்கும் இயலும் அறங்களாகப் பச்சிலை யொன்று சாத்துதலையும், பசுவுக்கு ஒருவாய்ப் புல்லளித்தலையும், உண்ணும்போது ஒரு கைப்பிடி பிறர்க்கு அளித்தலையும், இன்சொற் கூறுதலையும் வகுத்தருளினார். உலைவைக்கு முன் ஒருபிடி யரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டு இல்லங்களில் இருந்துவருவது இக்கருத்தோடு இயைந்ததே.

கொடுத்தார் பெயரை நிலைநிறுத்தலில் நம்மவர் பின்னிட்டவரல்லர். 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களில் அரசன் கொடுத்தனவும், அவன் தமக்கையாரும் தேவியரும் கொடுத்தனவும் மட்டுமன்றிப் பிறர் கொடுத்தனவும் பொறிக்கப்பட்டுள்ளன. அரசனோடு ஒருகல்லில் இடம்பெறுதற்கு வேண்டிய தகுதி கொடுத்தலொன்றே. ஆயின் கல்லிற் பெயர் பொறிக்கும் கொடைக்கு ஓர் இடருமுண்டு. கோயிலுக்குக் கொடுத்தமையால் கூலிக்காரனுக்குக் கொடாமை ஈடுசெய்யப்பட்டதென்று நெஞ்சு கணக்கெழுதிக்கொள்ளும். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியாரொடு மருவுதலையும் ஆலயம் வழிபடுதலையும் ஒருங்கு வைத்தது. ஒன்றற்கு மற்றொன்றை மாற்றாகக் கூறவில்லை.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்புகலூரில் புலவர்க்குக் கூறிய அறிவுரையும் இவ்விடத்துச் சிந்திக்கற்பாலது. ஈயாதானை முல்லைக்குத் தேரீந்த பாரியோடு ஒப்பிட்டுப் பாடினும் அவன் கொடான். ஆதலின் புகலூரிறைவனையே பாடுக வென்றனர். உலோபியின் வாயிலில் நிற்பார்க்கு அது நல்வழி காட்டுகின்றது. உலோபிக்கோ அது மற்றொன்றைக் காட்டுகின்றது. இரவலன் தன் வாயிலைவிட்டு நீங்கியதனால் அவன் கெடுவதில்லை. அவனுக்குப் புகலூர் இருக்கின்றது. கெடுபவன் கதவடைத்தவனே. தொல்காப்பியனார் கூறிய ஈயென் கிளவியை மீண்டும் நோக்குக. முதனாள் மாலை தன்முன் இழிந்தோனாய் நின்றவனுக்கு ஈயாதவன், மறுநாட் காலை மலைமேல் இறைவன்முன் தானே இழிந்தோனாய் நின்று ஈயென்று வேண்டுகின்றான். இறைவனும் அவ்வாறே 'கிருத்திகை கழியட்டும்' என்று கூறுவானாயின் உயிர்களின் கதி யாதாம்?

தறியுடையவர் வரலாற்றில் எஞ்சியதும் சிறிதுண்டு. மலையினின்று மீண்ட மறுநாள் விடியலில் அவர் பணத்தை எடுத்துக்கொண்டு அந்நெசவாளன் குடிசைக்குச் சென்றார். அவன் திடுக்கிட்டெழுந்து பாயை விரித்து அவரை அமர்வித்தான். அவர் பணத்தை நீட்டினார். "முடை தீர்ந்துவிட்டது ஐயா, பிள்ளையும் நலம். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவன் பணிவோடு கூறினான். அவன் சொல்லிற் சினமுமில்லை, குத்தலுமில்லை. அதுவே அவர்க்குப் பெரிதும் வருத்தந் தந்தது. சினந்திருந்தால் மன்னிப்பு வேண்டியிருக்கலாம். கொடுத்தற்குரிய காலம் கடந்துவிட்டது; கொடுத்தற்குரிய பொருள் மட்டும் கையில் இருந்தது. அவர் வெயிலில் நடந்து வந்தமை கண்ட அவன் மனைவி ஒரு குவளை மோர் கொணர்ந்து கொடுத்தாள். அதனை வாங்கிப் பருகியபோது, அவ்வில்லத்தில் ஈவார் யார், ஏற்பார் யார் என்பது அவர்க்கு ஐயமற விளங்கிற்று.

அன்றுமுதல் அவர் ஒருவழக்கத்தை மேற்கொண்டனர். கேட்டவர்க்கெல்லாம் கேட்டவாறே கொடுக்கத் தொடங்கினாரல்லர். அஃது அவர்க்கு இயலுவதுமன்று, முறையுமன்று. பொருளிருக்கும்போது இல்லை யென்னுஞ் சொல்லை மட்டும் விட்டனர். கொடுத்தற்கு இயன்றபோது கொடுப்பார். இயலாதபோது, "பணம் இருக்கிறது, அது நூலுக்கு வைத்தது, இவ்வளவே இன்று தர இயலும்" என்று உள்ளவாறு கூறுவார். உள்ளதை உள்ளதென்று சொல்லத் தொடங்கியபின் கொடாதிருத்தல் நாளுக்குநாள் அரிதாயிற்று. பொய்யின் மறைவிலன்றி உலோபம் நெடுநாள் வாழாதென்பதை அவர் தம் அனுபவத்தால் அறிந்தனர்.

தெருவார் அவரைக் குறித்து வழங்கிய சொல் மட்டும் மாறவில்லை. தெலுங்கர் பிசினாரி யென்றே கூறுவர். தமிழர் பிசினாறி யென்றே கூறுவர். ஒருமுறை ஒட்டிய சொல்லும் பிசின் போன்றதே. அவர் அதற்கு வருந்துவதில்லை. முன்பு வருந்தாமைக்குக் காரணம் செருக்கு. பின்பு வருந்தாமைக்குக் காரணம் அச்சொல் ஒருகாலத்து உண்மையாயிருந்தது என்னும் அறிவு. பிறர் இட்ட பெயரை நீக்குதல் ஒருவன் கையிலில்லை. தன் வாயிற் றோன்றும் சொல்லை நீக்குதல் அவன் கையிலேயே உள்ளது.

பள்ளிப்பட்டு நிலத்தின்வழிச் செல்லும் கொசத்தலையாறு மழைக்காலத்திற் பெருகி, 1944-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கி, சென்னை மாநகரத்தார்க்குக் குடிநீராய்ப் பயன்பட்டு, எஞ்சியது எண்ணூரில் கடலையடைகின்றது. தேக்கத்திற்கு அணை வேண்டும்; அணை யில்லையேல் நீர் வீணாகும். அணையிற் கதவும் வேண்டும். கதவில்லையேல் நீர் அணையையே உடைக்கும். செட்டு என்பது அணை. ஈகை என்பது கதவு. இரண்டும் உடையார்க்கே செல்வம் செல்வமாகும். உள்ளதை உள்ளதென்று கூறும் வாயும், இயன்றதை இயன்றபொழுதே நீட்டுங் கையும், அவ்விரண்டையும் தன்னதென்று எண்ணாது அவனருளென்று எண்ணும் நெஞ்சும் யாவர்க்கும் வாய்ப்பதாகுக.

திருச்சிற்றம்பலம்